இலையுதிர் காலத்து வழுக்குச் சாலையில் மோட்டார் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களில் பைக் ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக ஓட்டத் தொடங்கியவர் என்றாலும் சரி, பல வருடம் ஓட்டியவர் என்றாலும் சரி, நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வழுக்கும் இடத்தின் மேல் போகும்போது காட்டுவதற்குச் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. வேகத்தைக் குறைப்பது, கியர் மாற்றுவது, திசையைச் சரிசெய்வது எல்லாம் அந்த இடம் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

மழையில் ஓட்டிப் பழகியிருக்கிறேன். இலையுதிர் காலத்தில் அப்படி என்ன புதிதாக இருக்கிறது?

மழை பெய்தால் சாலை முழுக்க நனையும். எல்லா இடமும் ஈரம் என்று தெரிந்துவிடுவதால் நாமும் அதற்கேற்ப ஓட்டுவோம். இலையுதிர் காலத்தில் அப்படி இல்லை. வெயில் படும் நீளத்தில் சாலை காய்ந்து நல்ல கிரிப்போடு இருக்கும். அடுத்த வளைவில் மர நிழல், நேற்றைய ஈரம், அதன் மேல் இலை. அது முடிந்ததும் மறுபடி காய்ந்த சாலை. காய்ந்த இடத்தில் வந்த தைரியத்தோடு ஈரமான இடத்துக்குள் நுழைவதால்தான் பலர் விழுகிறார்கள்.

சூரியன் தாழ்வாகவே நகர்வதால் நிழல் விழும் பகுதிகள் நாள் முழுவதும் காயாமல் கிடக்கும். இரவில் பனித்துளி இறங்கும். அறுவடை நடக்கும் பகுதிகளில் டிராக்டர் சக்கரத்தோடு வந்த சேறு சாலையில் ஒட்டிக்கிடக்கும். பகல் நேரம் குறைந்துகொண்டே வருவதால், கோடையில் வெளிச்சத்தில் போய்வந்த அதே வேலைப் பயணம் இருட்டுக்குள் போய்விடும். டயரும் சூடாக மாட்டேன் என்கிறது. இதில் எதுவும் தனியாக வந்தால் சமாளித்துவிடலாம். மூன்று நான்கு ஒன்றாக வருவதுதான் இந்தப் பருவத்தின் தொல்லை.

நனைந்த இலை உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். சாலையோர மரத்தடியில் ஒரு வாரமாகக் கிடக்கும் இலைக் குவியலை பூட்ஸ் நுனியால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மேலே இருப்பது காய்ந்து சலசலக்கும். அதற்குக் கீழே இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரத் தாள்களை அடுக்கி வைத்தது போலிருக்கும். அடியில், சாலையை ஒட்டி, வாகனங்கள் நசுக்கி நசுக்கிக் கூழாகிப்போன கறுப்புப் பசை. உங்கள் டயர் அந்தக் குவியலின் மேல் ஏறும்போது தாரைத் தொடுவதே இல்லை. இலை இலையின் மேல் நழுவுகிறது, எல்லாம் சேர்ந்து அந்தப் பசையின் மேல் நழுவுகிறது. மழைநீராக இருந்தால் டயரில் உள்ள பள்ளங்கள் நீரை ஒதுக்கிவிட்டுத் தாரைப் பிடித்துக்கொள்ளும். இலையை அப்படி ஒதுக்க முடியாது.

ரயில்களுக்கே இது தலைவலி. சக்கரங்கள் நசுக்கிய இலை தண்டவாளத்தில் கெட்டியான கறுப்புப் படலமாகப் படிந்து, பிரேக் போட்டாலும் ரயில் வழுக்கிக்கொண்டு போகும். அதைச் சுத்தம் செய்ய, உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் தனி வண்டிகளை இலையுதிர் காலத்தில் ஓட்டும் நாடுகள் உண்டு. அத்தனை எடையுள்ள ரயிலுக்கே அந்த நிலை என்றால், உள்ளங்கை அளவு டயர் மட்டுமே தரையைத் தொடும் பைக்குக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று: இலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பள்ளம், மேன்ஹோல் மூடி, உருண்டை உருண்டையான மரக்கொட்டைகள், சாலையின் விளிம்பு, எதுவாகவும் இருக்கலாம். சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றித்தான் போக வேண்டும்.

முன்னால் இலை பரவிக் கிடப்பது தெரிகிறது, சுற்றிப் போக வழியில்லை. எப்படிக் கடப்பது?

நேர்சாலை என்றால் அது சிரமமே இல்லை. இலை தொடங்குவதற்கு முன்பே, காய்ந்த சாலையில் இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தேவையான கியருக்கு வந்துவிடுங்கள். பிறகு பிரேக்கை விட்டுவிட்டு, வண்டியை நிமிர்த்தி, ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் லேசாகப் பிடித்தபடி கடந்து செல்லுங்கள். இலை மேல் இருக்கும்போது பிரேக் இல்லை, கியர் மாற்றம் இல்லை, ஹேண்டிலைத் திருப்புவது இல்லை. சும்மா உருண்டு போகிற சக்கரத்துக்கு மிகக் குறைந்த கிரிப்பே போதும்.

வண்டி கொஞ்சம் அசைந்து கொடுக்கும். கைப்பிடியை இறுக்காதீர்கள். முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு தோளையும் முழங்கையையும் தளர்த்தி வைத்தால், அந்த அசைவை வண்டியே சரிசெய்துகொள்ளும். பயத்தில் ஹேண்டிலை இறுக்கும்போதுதான் சின்ன அசைவு பெரிய ஆட்டமாகிறது. கண் இலையில் இருக்கக் கூடாது. இலை முடிகிற இடத்துக்கு அப்பால் பாருங்கள்.

வளைவின் நடுவில் இருக்கும்போதுதான் இலையைப் பார்க்கிறேன். அப்போது?

இந்தப் பக்கத்திலேயே மிகக் கடினமான கேள்வி இதுதான்.

டயருக்கு அந்த நொடியில் கிடைக்கும் பிடிமானம் இவ்வளவுதான் என்று ஒரு அளவு உண்டு. வளைவில் திரும்புவதற்கும், பிரேக் போடுவதற்கும், வேகம் எடுப்பதற்கும் அந்த ஒரே அளவிலிருந்துதான் எடுக்க வேண்டும். வண்டி நன்றாகச் சாய்ந்திருக்கும்போது பெரும்பகுதி திரும்புவதற்கே போய்விடுகிறது. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால், மீதி இருப்பதை விட அதிகமாகக் கேட்கிறோம். முன் சக்கரம் நழுவி வண்டி படுத்துவிடும்.

எனவே இலைக்கு முன்னால் கொஞ்சமாவது நல்ல சாலை மிச்சமிருந்தால், அந்த இடத்தில் வண்டியை நிமிர்த்தி, நேராக வைத்து, பிரேக் போட்டு வேகத்தைக் கழித்துவிட்டு, மறுபடி மெதுவாகத் திரும்புங்கள். எதிர்வரும் வாகனங்களின் பக்கமோ சாலைக்கு வெளியேயோ போகாத அளவுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த இடமும் இல்லையென்றால், செய்யக்கூடியது குறைவுதான்: ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடாமல் சன்னமாக வைத்து, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து வண்டியை முடிந்தவரை நிமிர்த்தி, போக வேண்டிய இடத்தைப் பார்த்தபடி கடப்பது. உடம்பு உள்ளே சாய்ந்தால், அதே வளைவை வண்டி குறைந்த சாய்வில் எடுத்துவிடும்.

இந்த நிலைக்கு வராமல் இருப்பதற்கான வழி, வளைவுக்குள் நுழையும் வேகத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள், அந்தச் சாலையின் நிலைமையிலேயே நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டும் நுழையுங்கள். வளைவுக்கு முன்பே மேலே பாருங்கள். மரக்கிளைகள் சாலைக்கு மேல் கூரை போட்டிருந்தால், கீழே இலை இருக்கிறது என்று வைத்துக்கொண்டே போங்கள். இலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மரம் தெரிந்துவிடும்.

நிறுத்த எவ்வளவு தூரம் கூடுதலாகத் தேவைப்படும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 14 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து விரல் பிரேக்கை அழுத்த 1 நொடி ஆகிறது என்று வைத்தால், அந்த 14 மீட்டர் பிரேக்கே இல்லாமல் போய்விட்டது. அதன் பிறகு நல்ல காய்ந்த சாலையில், திறமையாகப் பிரேக் போட்டால், இன்னொரு 14 மீட்டரில் நிற்கலாம். ஈரத் தார்ச்சாலையில் அது சுமார் 20 மீட்டர். நனைந்த இலையின் மேல் பிடிமானம் காய்ந்த சாலையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டால் 42 மீட்டரைத் தாண்டும், அதுவும் விழாமல் நிறுத்தினால்.

வேகம் கூடினால் பிரேக் தூரம் அதன் வர்க்கத்தில் கூடும். 50-க்குப் பதில் 70-ல் போனால் பிரேக் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: 50-லிருந்து 40-க்கு இறங்கினாலே பிரேக் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். பத்து கிலோமீட்டர் வேகத்தை விட்டுக்கொடுத்து இவ்வளவு லாபம் வேறு எதிலும் கிடைக்காது.

முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இடைவெளி, காய்ந்த சாலையில் 2 நொடி என்றால் ஈரத்தில் 4 நொடி. அந்த வாகனம் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள்.

முன் பிரேக்கா, பின் பிரேக்கா?

இரண்டும். "ஈரத்தில் முன் பிரேக்கைத் தொடாதே" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது தவறான பாடம். பிரேக் போடும்போது எடை முன்பக்கம் நகர்வதால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் சக்கரத்திடம்தான் இருக்கிறது. ஈரத்திலும் அப்படித்தான். மென்மையாகப் பிரேக் போடுவதால் எடை குறைவாக நகர்கிறது, அதனால் பின் பிரேக்கின் பங்கு காய்ந்த சாலையை விடச் சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை விட எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதே முக்கியம். லீவரைச் சட்டென்று பிடித்து இழுத்தால், எடை முன்னால் வந்து டயரைத் தரையோடு அமுக்குவதற்கு முன்பே சக்கரம் சுழலாமல் லாக் ஆகிவிடும். முதலில் லேசாகத் தொட்டு, முன் ஃபோர்க் கொஞ்சம் அமுங்குவதை உணர்ந்து, அதன் பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஈரத்தில் நெடுநேரம் ஓட்டியிருந்தால் டிஸ்க்கில் நீர் படிந்திருக்கும். அவ்வப்போது பிரேக்கை மெல்லத் தொட்டுக் காயவைப்பது நல்லது.

கியர் இறக்கும்போதும் இதே கவனம் வேண்டும். வேகமாக இரண்டு கியர் இறக்கி கிளட்சைப் படாரென்று விட்டால், பின் பிரேக்கைத் தொடாமலே பின் சக்கரம் லாக் ஆகும். கிளட்சை நிதானமாக விடுங்கள். ஸ்கூட்டரில் இந்தக் கிளட்ச் தொல்லை இல்லை. ஆனால் சிறிய சக்கரம் இலைக்கு அடியில் மறைந்த பள்ளத்தில் எளிதாக இறங்கிவிடும்.

என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது. பிறகு என்ன கவலை?

பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருப்பது மிக நல்லது. வாங்கும்போது இருக்கும் மாடலையே எடுங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன். 1988-ல் பிஎம்டபிள்யூ தன் கே100 வண்டியில் கொடுத்தபோது ஆடம்பரமாகத் தெரிந்த ஒன்று, இன்று சாதாரண வண்டிகளிலேயே வந்துவிட்டது. சக்கரம் லாக் ஆகப்போவதைச் சென்சார் கண்டுபிடித்ததும் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கிறது. பதற்றத்தில் லீவரை இழுத்தவரையும் நிமிர்த்தியே வைத்திருக்கும்.

ஆனால் இல்லாத கிரிப்பை அது உண்டாக்காது. இலையின் மேல் பிரேக் போட்டால் லீவர் அதிரும், வண்டி விழாது, ஆனால் நிற்கவும் நெடுந்தூரம் எடுத்துக்கொள்ளும். அதோடு, சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. சாய்வையும் கணக்கில் எடுக்கும் வகை 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் வந்து, பிறகு மற்ற விலை உயர்ந்த வண்டிகளுக்கும் பரவியது. உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஈரத்துக்கேற்ப என்ஜினை மென்மையாக்கும் ரெயின் மோடு, பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருந்தால் இந்தப் பருவத்தில் போட்டே வையுங்கள்.

சாலையின் எந்தப் பகுதியில் ஓட்டுவது?

கார்களின் சக்கரம் ஓடும் தடத்தில். அங்கே இலை நசுங்கி ஒதுங்கியிருக்கும், தண்ணீரும் சிதறிப் போயிருக்கும். இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவில் உள்ள பட்டையில் கார்களிலிருந்து சொட்டிய ஆயிலும் இலையும் சேர்ந்து கிடக்கும். சாலையோரம் இலைகள் ஒதுங்கும் இடம். ஆகவே இரண்டு தடங்களில் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருப்பதே பெரும்பாலும் சுத்தமானது. எதிரே பெரிய வாகனம் வரும்போது மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

நிழலான கிராமச் சாலைகளில் நடுவில் பச்சையாகப் பாசி படர்ந்திருக்கும். நனைந்த பாசி இலைக்குச் சளைத்ததில்லை.

இலை தவிர வேறு எதெல்லாம் வழுக்கும்?

சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகள், குறிப்பாகப் பாதசாரிகள் கடக்கும் பட்டைகள். மேன்ஹோல் மூடி, பாலங்களில் உள்ள இரும்பு இணைப்புகள். விரிசலை அடைக்க ஊற்றிய தார்க் கோடுகள். இவை எல்லாவற்றையும் நிமிர்ந்த வண்டியோடு, பிரேக் இல்லாமல் கடக்க வேண்டும். டிராம் தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடங்கள். அதற்கு இணையாக ஓட்டிக்கொண்டு போய் லேசாகத் திரும்பினால் சக்கரம் அதன் பள்ளத்தோடே போய்விடும்.

டீசல் தனி ரகம். டேங்கை வழிய நிரப்பிய லாரிகள் வளைவுகளிலும் ரவுண்டானாக்களிலும் சிந்திவிட்டுப் போகும். ஈரச் சாலையில் வானவில் நிறம் தெரிந்தாலோ, ஹெல்மெட்டுக்குள் திடீரென்று டீசல் வாடை வந்தாலோ உடனே வேகத்தைக் குறைத்து வண்டியை நிமிர்த்துங்கள். மூக்கு சில நேரம் கண்ணுக்கு முந்திக்கொள்ளும்.

பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறலும் மோசம். சாலையில் படிந்த ஆயில், தூசி, ரப்பர்த் துகள் எல்லாம் நீரோடு குழைந்து மேலே வரும். கொட்டித் தீர்க்கும் மழை அதைக் கழுவிவிடும், தூறல் கழுவாது. அவசரமில்லை என்றால் முதல் அரை மணி நேரத்தை எங்காவது நிறுத்திக் கழித்துவிடுவதே நல்லது.

டயரில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் காற்று. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயர் அழுத்தம் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ இறங்கிவிடும். கோடைக் கடைசியில் பார்த்த காற்று இப்போது இருக்காது. வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். வழுக்கும் சாலைக்குக் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது மணலிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்களின் பழக்கம். தார்ச்சாலையில் அப்படிச் செய்தால் டயர் நசுங்கி, நீரை வெளியேற்றும் பள்ளங்களே அடைபடும்.

அடுத்து தேய்மானம். சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் நாட்டுக்கு நாடு மாறும், 1 மில்லிமீட்டர், 1.6 மில்லிமீட்டர் என்று. அபராதம் வராமல் இருக்க அது போதும், ஈரத்தில் ஓட்டப் போதாது. 2 மில்லிமீட்டருக்கு நெருங்கினாலே இந்தப் பருவத்துக்கு முன் மாற்றிவிடுவது என் கருத்து. மொட்டை டயரோடு ஈரச் சாலையில் இறங்கவே கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் தயாரானது. ரப்பர் வயதாக ஆக இறுகும். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பழைய டயர் ஈரத்தில் பிடிக்காது.

குளிரில் டயர் சூடாக நேரமெடுக்கும். முதல் பத்து, பதினைந்து நிமிடம் சாய்வையும் பிரேக்கையும் அடக்கியே வையுங்கள். சிக்னலில் நின்று நின்று போனால் சூடே ஏறாது. ரேஸ் டிராக்குக்கு ஏற்ற ஸ்போர்ட் டயரை விட, டூரிங் டயர் இந்தக் காலத்துக்குப் பல மடங்கு பொருத்தம். புதிதாக மாட்டிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், முதல் 100–150 கிலோமீட்டர் பக்குவமாக ஓட்டுங்கள்.

இன்னும் குளிர்காலம் வரவில்லை. இப்போதே சாலையில் பனி உறையுமா?

உறையும். வானிலை அறிக்கையில் சொல்வது தரையிலிருந்து சற்று மேலே உள்ள காற்றின் வெப்பநிலை. மேகமில்லாத இரவில் தரை அதை விட அதிகமாகக் குளிர்ந்துவிடும். காற்று 3, 4 டிகிரி காட்டும்போதே சாலையில் உறைபனி இருக்க வாய்ப்புண்டு. முதலில் உறைவது பாலங்கள், அடியிலிருந்தும் குளிர்காற்று படுவதால். பிறகு மர நிழல், பள்ளத்தாக்கு, நீரோடை ஓரம்.

கண்ணாடி போன்ற மெல்லிய உறைபனி, பார்க்க வெறும் ஈரம் போலவே இருக்கும். ஒரு அடையாளம் சொல்கிறேன்: சாலை நனைந்து பளபளக்கிறது, ஆனால் முன்னால் போகும் காரின் சக்கரத்திலிருந்து நீர் தெறிக்கவில்லை, ஈரச் சாலைக்குரிய அந்தச் 'சர்ர்' சத்தமும் திடீரென்று அடங்கிவிட்டது என்றால் அது நீர் அல்ல. ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, எதையும் தொடாமல் வேகம் தானே குறையட்டும். அதன் மேல் இரண்டு சக்கர வண்டியை ஓட்டும் உத்தி என்று எதுவும் இல்லை. பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்துவதுதான் சரி.

தாழ்வான வெயில் கண்ணில் அடிக்கிறது, என்ன செய்வது?

ஹெல்மெட்டின் முன்கண்ணாடியான வைசரைச் சுத்தமாக வையுங்கள். கீறலும் அழுக்கும் இருந்தால் எதிர்வெயிலில் மொத்த வைசரும் வெள்ளையாகிவிடும். ஹெல்மெட்டுக்குள் இறக்கும் கறுப்புக் கண்ணாடி இருந்தால் வசதி. முழுக் கறுப்பு வைசர் வேண்டாம், வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

இதை விட முக்கியமானது வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது. உங்களுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும், அதனால் மற்றவர்களுக்கும் நாம் தெரிகிறோம் என்று தோன்றும். உங்கள் நிழல் நீளமாக முன்னால் விழுந்தால், எதிரே வருபவரின் கண்ணில் நேராக வெயில் அடிக்கிறது. குறுக்கே திரும்பக் காத்திருக்கும் அந்தக் கார் உங்களைப் பார்க்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

வைசரில் ஆவி படிகிறது.

வைசரின் உள்பக்கம் ஒட்டும் 'பின்லாக்' (Pinlock) படலத்தைப் போல வேறு எதுவும் வேலை செய்வதில்லை. அது கிடைக்காவிட்டால் ஆவி படியாமல் தடுக்கும் திரவம் தடவலாம், அடிக்கடி தடவ வேண்டியிருக்கும். நிற்கும்போது வைசரை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். மூடுபனியில் ஹெட்லைட்டை லோ பீமிலேயே வையுங்கள். ஹை பீம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும்.

குளிருக்கும் வழுக்குவதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. காற்று 10 டிகிரியில் இருக்கும்போது மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால், உடம்புக்கு அது சுமார் 4 டிகிரி போலத் தெரியும். விரல் மரத்துப்போனால் பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. மேலே சொன்ன "லேசாகத் தொட்டு, பிறகு கூட்டுவது" எல்லாம் மரத்த விரலால் நடக்காது. குளிரில் நடுங்குகிறவர் தோளை இறுக்கிக்கொள்வார், பார்வையும் பக்கத்திலேயே நின்றுவிடும்.

நீர் புகாத, ஆனால் லீவரை உணரவிடும் கையுறை வாங்குங்கள். கைப்பிடிச் சூடேற்றி இருந்தால் அதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். கழுத்து இடைவெளியை மறைத்தாலே பாதிக் குளிர் போய்விடும். பூட்ஸின் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்க வேண்டும். சிக்னலில் காலை ஊன்றும் இடத்தில் நனைந்த இலை இருந்தால் வண்டியோடு நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட வேண்டியதுதான். ஊன்றுவதற்கு முன் கீழே ஒரு பார்வை போதும்.

பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லலாமா?

அவர் ஏற்கனவே உங்களோடு பயணித்துப் பழகியவர் என்றால் ஏற்றலாம். புதியவர் வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டியை இன்னும் சாய்க்க வேண்டிவரும். முதல் பயணத்துக்கு இந்தப் பருவம் வேண்டாம்.

மான்கள் குறுக்கே வருமா?

மான்கள் வாழும் காட்டோரச் சாலைகளில், ஆம். பல மான் இனங்களுக்கு இலையுதிர் காலம்தான் இனப்பெருக்கக் காலம், விடியலிலும் அந்தியிலும் அதிகம் நடமாடும். ஒன்று கடந்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், பின்னாலேயே இன்னொன்று வரும். ஈரச் சாலையில் வளைந்து ஒதுங்கப் பார்ப்பதை விட, வண்டியை நேராக வைத்துப் பிரேக் போடுவதே நல்லது.

வண்டி சறுக்கத் தொடங்கிவிட்டது. இப்போது?

எந்தச் சக்கரம் என்பதைப் பொறுத்தது. பிரேக் போட்டு முன் சக்கரம் லாக் ஆனால், அந்தக் கணமே முன் பிரேக்கை விட்டுவிட்டு, மறுபடி மென்மையாகப் பிடியுங்கள். இதற்கு ஒரு நொடிகூட அவகாசம் கிடைக்காது.

பின் சக்கரம் லாக் ஆகி, வண்டி இன்னும் நேராகவே போகிறது என்றால் பின் பிரேக்கை மெதுவாக விடலாம். பின்பகுதி ஒரு பக்கமாக விலகிவிட்டிருந்தால் சட்டென்று விடாதீர்கள். சக்கரம் திடீரென்று கிரிப் பிடித்து, வண்டி எதிர்ப்பக்கம் துள்ளி உங்களைத் தூக்கி எறியும். வண்டி படுத்துச் சறுக்கி விழுவதை விட அது மிக மோசமான விழுகை. அப்படிப்பட்ட நிலையில் போக வேண்டிய திசையைப் பார்த்தபடி, பின் பிரேக்கை விடாமல் நிற்கும் வரை போவதே பாதுகாப்பு.

ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததால் பின் சக்கரம் சுழன்று நழுவினால், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், படாரென்று மூட வேண்டாம். எந்த நிலையிலும் வேகத்தில் போகும்போது காலைத் தரையில் ஊன்றித் தாங்கப் பார்க்காதீர்கள். கால்தான் உடையும்.

விழுந்தே விட்டால் வண்டியை விட்டுவிடுங்கள், அது தன் வழியில் போகட்டும். சறுக்கி நிற்கும் வரை எழுந்திருக்க முயலாதீர்கள். நின்றதும் முதல் வேலை சாலையை விட்டு விலகுவது. உங்களை வழுக்கிய அதே இடம் பின்னால் வருபவரையும் வழுக்கும்.

இதையெல்லாம் எங்கே பழகுவது?

காலியான, சுத்தமான, ஈரமான வாகன நிறுத்துமிடத்தில். மணிக்கு 20, 30 கிலோமீட்டரில் நேராகப் போய் முன் பிரேக்கைத் தொட்டு அழுத்தி நிறுத்திப் பாருங்கள். ஈரத்திலும் டயர் எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்தால் வீண் பயம் போகும். இலையின் மேல் பழக வேண்டாம், அங்கே கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. பயிற்சிப் பள்ளியில் ஈரத்தளப் பயிற்சி இருந்தால், புது சைலன்ஸருக்குச் செலவழிக்கும் பணத்தை அதற்குக் கொடுங்கள்.

எந்த நாளில் வண்டியை எடுக்கவே கூடாது?

இரவு உறைநிலைக்கு அருகில் போயிருந்தால் காலையில் எடுக்காதீர்கள். வெயில் ஏறிச் சாலை காய்ந்த பிறகு போகலாம். பலத்த காற்றோடு மழை பெய்த மறுநாள் காலை, மரங்கள் அடர்ந்த பாதையைத் தவிருங்கள். இலை மொத்தமும் ஒரே இரவில் கொட்டியிருக்கும், கிளைகளும் விழுந்திருக்கும். பத்து நிமிடம் கூடுதலானாலும் பெரிய சாலையில் போங்கள், அங்கே போக்குவரத்தே இலையை ஒதுக்கிவிடும். உங்களுக்குத் தூக்கம் சரியில்லை, மனம் எங்கோ இருக்கிறது என்றால் அன்றும் வேண்டாம். காய்ந்த சாலை கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

நிறுத்தும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சைடு ஸ்டாண்டை இலையின் மேல் போடாதீர்கள். அடியில் ஈர மண் இருந்தால் ஸ்டாண்டு மெல்ல இறங்கி, நீங்கள் போன பிறகு வண்டி சாயும். காலால் இலையைத் தள்ளிவிட்டுக் கெட்டியான தரையில் போடுங்கள். காய்ந்த இலைக் குவியலின் மேல் சூடான சைலன்ஸரோடு நிறுத்துவதும் வேண்டாம், தீப்பிடிக்கும். என்ஜினுக்கு அடியிலும் ரேடியேட்டர் முன்னாலும் செயின் பக்கமும் சிக்கிய இலைகளை, வண்டி ஆறியதும் கையால் எடுத்துவிடுங்கள். உறைபனிக்காகச் சாலையில் உப்புத் தூவத் தொடங்கிவிட்டால் ஓட்டி வந்த அன்றே குளிர்ந்த நீரில் கழுவி, செயினுக்கு ஆயில் விடுங்கள். பிரேக் டிஸ்க்கில் மட்டும் ஒரு சொட்டு ஆயில்கூடப் படக் கூடாது.